அட்டவணைக்குக் கீழே இருந்த வரி

இன்று காலை ரயிலில் யாரோ நீலகிரித் தைலப் பாட்டிலைத் திறந்தார்கள். ஜிடிபி நகரில் ஏறிய நான் லேடீஸ் பெட்டியில் நெருக்கியடித்து நின்றுகொண்டிருந்தேன். கையை உயர்த்தக்கூட இடமில்லை. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கழுத்தை மட்டும் திருப்பித் தேடினேன். தேடியது உன்னைத்தான் என்பது குர்லா தாண்டிய பிறகுதான் எனக்கே உறைத்தது. கைக்குட்டையில் தைலத்தை ஊற்றிக்கொண்டிருந்த பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சர்தி ஹை க்யா?" என்று கைக்குட்டையை நீட்டினாள். சளி இல்லை என்று சொல்வதற்குப் பதிலாக வாங்கி ஒருமுறை முகர்ந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். செம்பூரில் இறங்கி ஆபீசுக்கு நடக்கிற வழியெல்லாம் உன்னிடம் பேசிக்கொண்டே வந்தேன். இப்போது சாப்பாட்டு நேரம். மற்றவர்கள் கீழே போயிருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

நம் அறை அப்படியேதான் இருக்கிறது. ஏசிக் காற்று உன் நாற்காலிக்கு நேர் மேலேதான் இறங்குகிறது. நீ வேலையில் சேர்ந்த அன்றே தும்மத் தொடங்கினாய். இடம் மாற்றித் தரக் கேட்டதற்கு, அறையில் வேறு இடம் இல்லை என்றார்கள். காற்றைக் குறைக்கச் சொன்னதற்கு, இந்த மெஷின் ஓடும் அல்லது நிற்கும், நடுவில் எதுவும் கிடையாது என்றார்கள். மறுநாள் நீ தைலப் பாட்டிலோடும் சால்வையோடும் வந்தாய். செம்பூர் வெயிலில் வேர்த்து ஒழுக நடந்து வந்து, உள்ளே நுழைந்ததும் சால்வையைப் போர்த்திக்கொள்ளும் உன்னைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். ஜன்னல் இல்லாத அந்த அறையில், வெளியே மழை பெய்கிறதா என்பதை உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட். அது ஏறுவதும் இறங்குவதும் நாள் முழுக்க நமக்குக் கேட்கும்.

நாம் என்ன வேலை செய்கிறோம் என்று யாராவது கேட்டால் நீ பெரிதாக விளக்க மாட்டாய். "கோடு போடுத வேலை" என்பாய். அதில் பொய்யும் இல்லை. ஊரெல்லாம் அலைந்து சர்வே எடுக்கிறவர்கள் கொண்டுவரும் பதில்கள் ஒரு சாஃப்ட்வேருக்குள் போகும். அது எண்ணிக் கணக்கிட்டு அழகழகான அட்டவணைகளாகத் தரும். தலைப்பு தடித்த எழுத்தில், ஒன்றுவிட்டொரு வரி இளநீலத்தில், சதவீதங்கள் வரிசையாக. ஆனால் அட்டவணையை சாஃப்ட்வேரில் பார்க்க யாருக்கும் விருப்பமில்லை. எல்லாரும் கட்டம் கட்டமாக இருக்கும் ஷீட்டில் கேட்பார்கள். ஷீட்டுக்கு அனுப்பும்போதுதான் நம் பிழைப்பு தொடங்கும். நான்கு கட்டத்துக்கு மேலே ஒன்றாகப் படுத்திருந்த தலைப்பு முதல் கட்டத்துக்குள் சுருண்டுகொள்ளும். சதவீதங்கள் எண்ணாக இல்லாமல் எழுத்தாக மாறிவிடும், கூட்டினால் தொகை வராது. மராத்தியில் இருந்த பதில்கள் வெறும் கேள்விக்குறிகளாக நிற்கும். அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பழைய அழகுக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு நகரம் முடிந்தால் இன்னொரு நகரம் வரும்.

முதல் வாரத்தில் நீ ஒரு ஷீட்டைத் திறந்துவிட்டு, "ஏட்டி, இங்க வா, எல்லாம் போச்சு" என்று அலறினாய். ஓடி வந்து பார்த்தேன். எண்கள் இருக்க வேண்டிய இடமெல்லாம் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், கம்பி அடித்தது போல. கட்டம் சிறியதாகிவிட்டால் அப்படித்தான் காட்டும் என்று சொல்லி, ஓரத்தைப் பிடித்து இழுத்து அகலமாக்கினேன். எண்கள் எல்லாம் திரும்பி வந்தன. நீயும் ஒருமுறை ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாய்.

"அப்போ எண்ணு உள்ளதான் இருந்திருக்கு. எடந்தான் பத்தல" என்றாய். அதற்குப் பிறகு நாம் இரண்டு பேரும் ரொம்ப நேரம் சிரித்தோம். ஏன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

உனக்கு அந்த அறையில் இருக்கப் பிடிக்கவில்லை. தாராவியில் நீ வளர்ந்த வீடும் ஒற்றை அறைதான். அம்மா, அண்ணன், மதினி, அவர்கள் பிள்ளைகள், நீ. அங்கிருந்து சயான் வந்து பஸ் பிடித்து இந்த ஆபீசுக்கு வருவாய். "ஒரு டப்பாவுல இருந்து இன்னொரு டப்பாவுக்கு வாரேன்" என்பாய். உனக்குத் தெருவில் இறங்கும் வேலை வேண்டும். சர்வே எடுப்பவர்களைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போகிற சூப்பர்வைசர் வேலை. புதிய ஆட்களோடு பேச உனக்கு அலுக்காது. சாயங்காலம் என்னோடு ஸ்டேஷன் வரை நடந்துவிட்டுத்தான் பஸ் ஏறுவாய். வழியில் பூக்காரியிடம் அவள் ஊர், பிள்ளைகள், மருமகளின் குணம் வரை கேட்டுவிட்டுத்தான் நகர்வாய். "வெயில்ல நடக்கணும்ட்டி. நாலு பேரு வாயத் தொறந்து சொல்லுததக் கேக்கணும். அவங்க சொன்னதுக்குக் கலர் அடிச்சிட்டு இருக்க எனக்கு முடியல."

மானேஜரிடம் போய்க் கேட்டாய். அவர் கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். சாய் வரவழைத்தார். உன் அட்டவணைகளில் ஒரு கோடு கூட விலகியிருக்காது, கிளையண்ட்டுகள் உன் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள் என்று புகழ்ந்தார். கடைசியாக, உன்னை அனுப்பிவிட்டு இந்த வேலைக்கு ஆளுக்கு எங்கே போவேன் என்று கேட்டார். வெளியே வந்து நீ சொன்னாய்: "நல்லா செஞ்சதுக்கு எனக்குத் தண்டன குடுத்திருக்கான் பிள்ள."

அப்புறம்தான் உனக்கு அந்த யோசனை வந்தது. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலையாக இதை மாற்றிவிட்டால் உன்னை விட்டுத்தானே ஆக வேண்டும்? சாப்பாட்டு நேரத்தில், வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் போனில், படித்துப் படித்து ஒரு மேக்ரோ எழுதினாய். ஒரு பட்டனை அமுக்கினால் அட்டவணைகளின் கோடு, கலர், தலைப்பு, அகலம் எல்லாவற்றையும் தானே சரிசெய்துவிடும். கிளையண்ட்டுகளுக்கு அட்டவணைக்கு அடியில் சாஃப்ட்வேர் எழுதும் குறிப்புகள் பிடிக்காது. 'க்ளீன்' ஆக வேண்டும் என்பார்கள். ஆகவே அந்தக் குறிப்புகளையும் வெட்டி எறியும்படி எழுதினாய். முதல்முறை அது ஓடியபோது திரையில் ஷீட்டுகள் ஒவ்வொன்றாக நிறம் மாறி நிமிர்ந்ததைப் பார்த்து நீ என் தோளைப் பிடித்து உலுக்கினாய். "பாத்தியா, இனி எவன் வேணும்னாலும் அமுக்கிட்டுப் போலாம்."

மானேஜருக்கும் சந்தோஷம். எல்லாரையும் கூப்பிட்டுக் கைதட்டச் சொன்னார். அடுத்த வாரமே மற்ற கிளைகளின் அட்டவணைகளும் நம் அறைக்கு வர ஆரம்பித்தன. மேக்ரோ நின்றுபோனால் சரிசெய்ய உன்னை விட்டால் ஆளில்லை. கதவை உடைக்க நீ செய்த சுத்தியலை வாங்கி, அதே கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் அடித்துவிட்டார்கள்.  அன்று ஸ்டேஷன் போகிற வழியில் நீ பூக்காரியிடம் கூட நிற்கவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன்.

வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் மையங்களை ஒரு டிரஸ்ட் நடத்திக்கொண்டிருந்தது. வடாலாவில் ஒன்று, ஆண்டாப் ஹில்லில் ஒன்று, இன்னும் சில. எதை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று முடிவெடுக்க நம் ஆபீசிடம் சர்வே கொடுத்திருந்தார்கள். ஆண்டாப் ஹில் மையத்தில்தான் என் மகன் இருந்தான். என் கணவருக்கு ஷிப்ட் வேலை. அந்த மையம் இல்லாவிட்டால் நான் வேலைக்கு வருவது நடக்காது. அது உனக்கும் தெரியும். பிள்ளைக்கு ஜுரம் என்று அவர்கள் போன் செய்த நாளில் என் அட்டவணைகளை நீதான் முடித்துக் கொடுத்தாய்.

அட்டவணைகள் மேக்ரோவில் ஓடி ஷீட்டாகி மேலே போன பிறகு, அனுப்பிய பிரதியை நான் சும்மா திறந்து பார்த்தேன். என் பிள்ளையின் மையத்தைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று ஆசை. ஆண்டாப் ஹில் என்ற வரிக்கு நேரே, 'இந்த மையம் தேவையில்லை' என்ற கட்டத்தில், பாதிக்கு மேல். உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். எங்கள் சந்தில் ஒருத்திகூட அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள்.

நீ சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு சாஃப்ட்வேரில் அசல் அட்டவணையைத் திறந்தாய். அதன் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. இந்த மையத்தில் பதில் சொன்னவர்கள் மிகவும் குறைவு, இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று. உன் மேக்ரோ வெட்டிய குறிப்புகளோடு அதுவும் போய்விட்டிருந்தது.

சர்வே எடுத்தவர்களுக்கு அங்கிருந்தே போன் போட்டாய். அவர்கள் பகலில் போயிருக்கிறார்கள். மையத்தில் பிள்ளையை விட்டவளெல்லாம் வேலைக்குப் போயிருந்தாள். வீட்டிலிருந்த ஒரு சிலரிடம் கேட்டுக்கொண்டு வந்துவிட்டார்கள். வீட்டில் இருப்பவளுக்கு எதற்கு மையம்?

"நான் வெட்டுனதுட்டி. நாந்தான் வெட்டச் சொல்லி எழுதுனேன்" என்றாய். உன் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

நாம் இருவருமாகத்தான் மானேஜர் அறைக்குப் போனோம். அவர் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குறிப்பு வேண்டாம் என்று கேட்டது கிளையண்ட்தான், எழுத்தில் இருக்கிறது என்றார். இப்போது திருத்தி அனுப்பினால், இதுவரை இப்படிப் போன எல்லா அட்டவணைகளையும் எல்லாரும் சந்தேகப்படுவார்கள் என்றார். "ஜானே தோ, விடுங்கள். அவர்கள் கேட்டால் சொல்வோம்." பிறகு என்னைப் பார்த்து, உங்கள் பிள்ளை அங்கேதானே இருக்கிறான் என்று கேட்டார். குரலில் மிரட்டல் இல்லை. ஆனால் இனி நான் எதைச் சொன்னாலும் அது என் பிள்ளைக்காகச் சொன்னதாகிவிடும் என்று நம் இருவருக்குமே புரிந்தது.

அறைக்குத் திரும்பியதும் நீ மேக்ரோவை மூடிவிட்டு அட்டவணையை மறுபடி ஷீட்டுக்கு அனுப்பினாய். கையாலேயே கோடு போட்டாய். அந்தக் குறிப்பை அடியில் வைக்கவில்லை. அடியில் வைத்தால் யாராவது மறுபடி வெட்டுவார்கள். 'ஆண்டாப் ஹில்' என்று இருந்த கட்டத்துக்குள்ளேயே, பெயரோடு சேர்த்து எழுதினாய்: ஆண்டாப் ஹில், சிலரிடம் மட்டும் கேட்டது, வேலைக்குப் போகும் தாய்மார் இதில் இல்லை. பெயரை வெட்டாமல் அதை வெட்ட முடியாது.

"ரெண்டு பேரு பேரும் போட்டு அனுப்புவோம்" என்றேன்.

"உன் பேரு வேண்டாம். பிள்ளைக்காகச் செஞ்சேம்பான். எனக்குப் பிள்ளையா குட்டியா? நான் அனுப்புதேன்."

"வேலய விட்டுத் தூக்கிட்டா?"

"தூக்கட்டும். நல்லதாப் போச்சு. வெயில்ல நடப்பேன்."

நேரே டிரஸ்டுக்கு அனுப்பினாய். மானேஜருக்குப் பிரதி வைத்தாய், ஒளிக்கவில்லை. அனுப்பிவிட்டுக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அடுத்த சில நாட்கள் லிஃப்ட் நம் மாடியில் நிற்கும்போதெல்லாம் நான் நிமிர்ந்து பார்ப்பேன். நீ பார்க்க மாட்டாய்.

டிரஸ்டிலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தார். மறுபடி ஆளனுப்பி, இந்த முறை சாயங்காலத்தில், பிள்ளைகளைக் கூப்பிட வந்த அம்மாக்களிடமே கேட்டார்கள். என்னிடமும் கேட்டார்கள். மையத்தை மூடவில்லை. என் மகன் பள்ளியில் சேரும்வரை அங்கேயே இருந்தான். இப்போதும் அது நடக்கிறது. வேறு பிள்ளைகள்.

உன்னை வேலையை விட்டுத் தூக்கவில்லை. அதுதான் தண்டனை. உன்னை விட்டால் ஆளில்லையே. மானேஜர் உன்னைத் திட்டக்கூட இல்லை. அதற்குப் பிறகு உன் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். சூப்பர்வைசர் இடம் காலியானபோது வேறொருவரைப் போட்டார்கள். அடுத்த முறையும் அப்படியே. நீ வேறு கம்பெனிக்கு இன்டர்வியூ போனாய். தெருவில் இறங்குகிற வேலை என்றுதான் விளம்பரம். மேக்ரோ எழுதுவாய் என்று தெரிந்ததும் அவர்கள் கண் விரிந்ததாம். "எங்களுக்கும் டேபிள் போடத்தான் ஆள் இல்லை" என்றார்களாம். மாட்டுங்காவில் அந்த இன்டர்வியூ முடிந்து வந்து எனக்குப் போன் செய்தாய். மார்க்கெட் சத்தத்துக்கு நடுவில் உன் குரல் கேட்டது. "எங்க போனாலும் எனக்குன்னு ஒரு சேர் போட்டு வச்சிருக்கான் பிள்ள. ஏசிக்கு நேர் கீழ."

வயிற்று வலி என்று நீ சொல்ல ஆரம்பித்தது அதற்கு அடுத்த கோடையில். உட்கார்ந்தே இருப்பதால் வாயு என்றாய். சோம்பு மென்றாய். டாக்டரிடம் போகச் சொன்னால், இந்த ப்ராஜெக்ட் முடியட்டும் என்பாய். ப்ராஜெக்ட் எங்கே முடிந்தது? பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கட்டி பரவிவிட்டது என்றார்கள். நான் பார்க்க வந்த அன்று, கையில் டிரிப் ஏறிக்கொண்டிருக்க, உன் போன் அடித்தது. ஆபீஸ். மேக்ரோ நின்றுபோய்விட்டது. எந்த வரி, என்ன எழுதியிருக்கிறது என்று நீ பொறுமையாகக் கேட்டாய். அதை இப்படி மாற்றுங்கள் என்று சொல்லிக் கொடுத்தாய். போனை வாங்கி அணைக்கப் போன என் கையை நீ தட்டிவிட்டாய்.

"இங்கயும் வந்து பிடிச்சிட்டான் பாத்தியா" என்று சிரித்தாய். பிறகு என்னிடம், "வெளிய மழையா?" என்றாய். வார்டில் ஜன்னல் இருந்தது. உன் கட்டிலிலிருந்து அது தெரியாது. பெய்கிறது என்றேன். எப்படிப் பெய்கிறது என்று கேட்டாய். சாய்த்து அடிக்கிறது, எதிர் பிளாட்பாரத்தில் ஒருவன் சோளம் சுட்டுக்கொண்டிருக்கிறான், தீ அணையாமல் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு அவன் மனைவி நிற்கிறாள் என்றேன். "அவ எந்த ஊருன்னு கேட்டுட்டு வாயேன்" என்றாய்.

நான் போய்க் கேட்டேன். ஜல்னா பக்கம் என்றாள். நான் திரும்பி மேலே வந்தபோது நீ தூங்கியிருந்தாய். மறுநாள் சொல்லலாம் என்று கிளம்பினேன். மறுநாள் உன்னை ஐசியூவுக்கு மாற்றிவிட்டார்கள். சொல்ல முடியவில்லை.

அடக்கம் முடிந்த பிறகு உங்கள் வீட்டில் ஜெபம் வைத்தார்கள். சபையார் சந்து முழுக்க நின்றார்கள். நான் உள்ளே, உன் அம்மாவின் பக்கத்தில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். மானேஜரும் வந்திருந்தார். கதவருகில் செருப்புகளுக்கு நடுவில் நின்று, கையைக் கூப்பிவிட்டு, நீ இல்லாமல் ஆபீஸ் ஓடாது என்று இந்தியில் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது உண்மையான துக்கம் என்றுதான் எனக்குப் பட்டது. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர் போன பிறகு உன் அம்மா என் பக்கம் திரும்பினார்.

"எம்மா, எம் மக ஆபீசுல என்ன வேல செஞ்சா? கோடு போடுதேன், கோடு போடுதேம்பா. எனக்கு ஒண்ணும் விளங்கல. அந்தா பெரிய மனுசன் வந்து அழுதுட்டுப் போறானே."

சாஃப்ட்வேர், ஷீட், மேக்ரோ எல்லாம் என் வாய்வரை வந்தன. அவற்றில் ஒன்றையும் அந்த அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. என் பிள்ளையின் மையத்தைப் பற்றிச் சொன்னேன். மூட இருந்ததையும், உங்கள் மகள் ஒரு வரியைத் திருப்பி எழுதியதையும், அதனால் ஆபீசில் அவளுக்குத் தெருவில் இறங்கும் வேலை கிடைக்காமல் போனதையும் சொன்னேன்.  நான் சொல்லி முடித்ததும் அவர் சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ யாருகிட்ட கேட்டாங்க, யாருகிட்ட கேக்கலன்னு எழுதிருக்கா."

"ஆமா அம்மா."

"அதுக்கு எதுக்கு அவள உள்ள வச்சிப் பூட்டுனாங்க?"

 நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

உன் இடத்துக்கு ஆள் வரவில்லை. உன் அட்டவணைகளும் இப்போது எனக்குத்தான். மானேஜரிடம் நானும் ஒருமுறை வேறு வேலை கேட்டுப் பார்த்தேன். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். சாய் வரவழைத்தார். அவர் வாயைத் திறக்கும் முன்பே என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். மகனின் பள்ளி, கணவரின் ஷிப்ட், வாடகை. நான் எங்கே போக?

ஞாயிற்றுக்கிழமைகளில் சில நேரம் தாராவிக்கு உன் அம்மாவைப் பார்க்கப் போகிறேன். அவர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. சாப்பிட்டியா, பிள்ள படிக்கானா என்று மட்டும் கேட்பார். ஆனால் திங்கட்கிழமை காலை, அடையாள அட்டையைக் காட்டி உள்ளே நுழைந்து, கதவு என் பின்னால் தானே சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்கிறபோது, அவர் கேட்டது என் காதில் விழுகிறது. உன்னைப் பற்றிக் கேட்டது போலவும் இருக்கிறது, என்னைப் பற்றிக் கேட்டது போலவும் இருக்கிறது.